மூன்றாவது ஈடு

அன்புள்ள தம்பிக்கு,

உன் செய்தி வந்தது. பண்டிகையன்று சாயங்காலம் டீ விருந்து வைக்கிறேன், 12 பேர் வருகிறார்கள், டீ மணக்கும் ஸ்கோனுக்கு, அதுதான் ஓவனில் சுடும் அந்தக் குட்டி ரொட்டிக்கு, அளவு அனுப்பு என்று மூன்றே வரி. எப்போதும் ‘வைக்கிறோம்’ என்றுதான் எழுதுவாய். அவசரத்தில் எழுதியிருப்பாய், சரி. எனக்கு முதலில் மாவுக்கணக்கு தெரிய வேண்டும். ஒரு ஈட்டுக்கு 12 ஸ்கோன் வரும். ஆளுக்கு இரண்டு என்றால் 24, இரண்டு ஈடு போதும். உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து 14 என்றால் 28 வேண்டும், மூன்றாவது ஈடு போட்டே ஆக வேண்டும். எது என்று எழுது.

ஒரு ஈட்டுக்கு மைதா 350 கிராம், பேக்கிங் பவுடர் தலை தட்டிய 4 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், சர்க்கரை 50 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 85 கிராம், பால் 200 மில்லி, மேலே தடவ ஒரு முட்டை. ஏர்ல் கிரே தேயிலை பாலுக்கு 2 டேபிள்ஸ்பூன், மாவுக்கு 2 டீஸ்பூன். மைதாவைக் கப்பால் அளக்காதே, தராசில் நிறு. அமுக்கி அள்ளினால் ஒரு எடை, உதிர்த்து அள்ளினால் ஒரு எடை. மாவு கூடிப்போனால் ஸ்கோன் வறண்டு தொண்டையில் அடைக்கும். இரண்டு ஈட்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கவும் கூடாது. அவ்வளவு வெண்ணெயை உதிர்த்து முடிப்பதற்குள் அது கையில் இளகிவிடும். தனித்தனியாகச் செய்.

டீ மணத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. வெறும் டிகாக்‌ஷனை ஊற்றிக் கலந்தால் நிறம் ஏறும், மணம் நிற்காது. ஏர்ல் கிரேயின் வாசனை பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய். எண்ணெய் வாசனை கொழுப்பில்தான் நன்றாக இறங்கும். ஆகவே கொழுப்பு நீக்காத பாலையே எடு. பாலின் ஓரத்தில் பொடிக்குமிழ் கட்டும்போது அடுப்பை அணைத்துவிட்டுத் தேயிலையைப் போட்டு மூடு. திறந்து வைத்தால் வாசனை ஆவியோடு போய்விடும். 8 நிமிடம் போதும். பாலில் துவர்ப்பு கொஞ்சம் அடங்கும் என்றாலும் அரை மணி நேரம் ஊறவிட்டால் கசப்பு நாக்கில் நிற்கும். வடிகட்டியில் ஊற்றி, கரண்டியின் முதுகால் இலேசாக அழுத்து, பிழியாதே. தேயிலை தன் பங்குக்குப் பாலைக் குடித்திருக்கும். அளந்து பார்த்து, குறைந்தால் பச்சைப்பால் சேர்த்து 175 மில்லிக்குக் கொண்டு வா. பிறகு ஃப்ரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிரவிடு. வெதுவெதுப்பாக ஊற்றினால் வெண்ணெயும் உருகும், பேக்கிங் பவுடரும் ஓவனுக்குப் போகும் முன்பே பொங்கித் தீர்ந்துவிடும். முந்தின நாள் இரவே பாலை ஊறவைத்து வடித்து வைப்பது உத்தமம்.

மாவில் போடும் 2 டீஸ்பூன் தேயிலையைச் சர்க்கரையோடு சேர்த்து மிக்ஸியில் பொடி. சர்க்கரையின் உராய்வில் இலை நைஸாகும், எண்ணெயும் சர்க்கரையில் ஏறிக்கொள்ளும். முழு இலையாகப் போட்டால் பல்லில் மணல் மாதிரி நெறுநெறுக்கும். டீ பை இருந்தால் வெட்டிக் கொட்டிக்கொள், அது ஏற்கெனவே பொடிதான். சில குறிப்புகளில் சமையல் சோடா போடச் சொல்வார்கள், போடாதே. சோடாவின் காரத்தன்மை பட்டால் தேயிலைச் சாறு கறுக்கும், ஸ்கோன் அழுக்கு நிறத்தில் வரும். கலந்த மாவை முகர்ந்து பார். வாசனை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்க வேண்டும், சூட்டில் ஒரு பங்கு போய்விடும்.

வெண்ணெயை அரை அங்குலத் துண்டாக நறுக்கி ஃப்ரிட்ஜிலேயே வை. மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சலித்து, டீ பொடித்த சர்க்கரையைக் கலந்து, கடைசியில் வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் உதிர்த்து விடு. உள்ளங்கை படக்கூடாது, அதில்தான் சூடு அதிகம். உனக்கு அப்பாவின் கை, எப்போதும் சூடு. உதிர்ப்பதற்கு முன் குளிர்ந்த தண்ணீரில் கையை நனைத்துத் துடைத்துக்கொள். பொடி ரவை போல் வந்து, நடுநடுவே பட்டாணி அளவில் சில துண்டுகள் இருக்கும்போதே நிறுத்து. அந்தத் துண்டுகள்தான் ஓவனில் உருகி, ஆவி கிளப்பி, ஏடுஏடாகப் பிரிக்கும்.

குழி பறித்துப் பாலை ஊற்று. 2 டீஸ்பூன் மட்டும் பின்னால் வைத்துக்கொள், எல்லா மைதாவும் ஒரே அளவு தண்ணீர் இழுக்காது. மழுங்கின கத்தியால் கலக்கு, கையால் வேண்டாம். மாவு பிசுபிசுவென்று ஒட்டும். ஒட்டுகிறதே என்று மைதாவை அள்ளிக் கொட்டாதே, பிசையவும் செய்யாதே. மேடையில் மாவு தூவி, கவிழ்த்து, ஒரு மடிப்பு, திருப்பி ஒரு மடிப்பு, மூன்று நான்கு தடவை, அவ்வளவுதான். பிசைந்தால் மாவுக்கு ஜவ்வு பிடிக்கும், வெந்ததும் சுருங்கி ரப்பராகிவிடும். உனக்குக் கோபமோ கவலையோ இருந்தால் கை தானாக அழுத்தும், அது எனக்குத் தெரியும். அன்றைக்கு நன்றாகத் தூங்கி எழுந்து செய். பிசையாதே தம்பி.

இதைச் சொல்லும்போது பேக்கிங் பவுடரைப் பற்றியும் எழுத வேண்டும். டப்பா திறந்து ஆறு மாதத்துக்கு மேலாகியிருந்தால் நம்பாதே. ஈரம் இழுத்து, உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும், பார்க்க வெள்ளையாக நன்றாகத்தான் தெரியும். கால் கப் சுடுதண்ணீரில் அரை டீஸ்பூன் போட்டுப் பார், போட்ட உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். இங்கிலாந்தில், பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், தன் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காகவே 1843இல் பேக்கிங் பவுடர் செய்தார். வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று யோசித்துச் செய்த பொருள் அது.

நான் அப்படி யோசிக்கவில்லை. போன வருஷம் அவள் இங்கே சுட்டாளே, தட்டையாக வந்ததே, எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது நான் அதைத் தட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேனே. நீங்கள் கிளம்பின பிறகு நீல மூடி டப்பாவை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஒரு குமிழ் கூட வரவில்லை. டப்பா என்னுடையது, பழையதென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் அளவும் சரி, பக்குவமும் சரி. என்னைவிட மென்மையான கை அவளுக்கு. டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டேன், உங்களிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அவளிடம் நீ சொன்னாலும் சரி, இந்தக் காகிதத்தையே கொடுத்தாலும் சரி.

சுடுகிற விஷயத்துக்கு வருகிறேன். மாவை ஓர் அங்குல கனத்துக்குக் கையாலேயே தட்டிக்கொள், உருட்டுக்கட்டை வேண்டாம். 5 செ.மீ. கட்டரை மைதாவில் தொட்டு, நேராக அழுத்தி நேராக எடு. திருகினால் ஓரம் மூடிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும். மிச்சத் துண்டுகளை உருட்டிப் பிசையாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்து வெட்டு. தட்டில் அடுக்கி 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வை. அதற்குள் ஓவன் 220 டிகிரிக்கு வரட்டும், ஃபேன் ஓடுகிற ஓவன் என்றால் 200. அடித்த முட்டையை மேலே மட்டும் தடவு. பக்கவாட்டில் வழிந்தால் அங்கே இறுகி, எழும்ப விடாது. 12 முதல் 14 நிமிடம். முதல் 8 நிமிடம் கதவைத் திறக்காதே. டீ கலந்த மாவு வேகும் முன்பே பழுப்பாகத்தான் இருக்கும், மேல் நிறத்தை வைத்து வெந்துவிட்டது என்று ஏமாந்துவிடாதே. ஒன்றைத் திருப்பி அடியைத் தட்டு, வெற்றுச் சத்தம் வர வேண்டும். இடுப்பைச் சுற்றி ஒரு வெடிப்பு ஓடியிருந்தால் சரியாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள். அந்த வெடிப்பிலேயே கையால் பிரிக்கலாம். சுடச்சுடக் கத்தி போட்டால் உள்ளே பசையாகிவிடும்.

தொட்டுக்கொள்ள கிளாட்டட் கிரீம் என்ற கெட்டிப் பாலாடையும் ஜாமும். இங்கிலாந்தில் டெவன் பக்கம் கிரீம் முதலில், கார்ன்வால் பக்கம் ஜாம் முதலில் என்பார்கள். எது முதலில் என்று விருந்தாளிகள் முடிவு செய்யட்டும். பெர்கமாட் வாசனைக்கு ஆரஞ்சு மார்மலேட் அல்லது லெமன் கர்ட் என்ற எலுமிச்சைக் கிரீம் நன்றாகப் பொருந்தும். பண்டிகைக்கென்று தோன்றினால் உலர்திராட்சை 60 கிராமைக் கொதிக்கிற கட்டி டீயில் அரை மணி நேரம் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுத்து, பால் ஊற்றுவதற்கு முன் மாவில் போடு. ஈரத்தோடு போட்டால் அந்த இடம் வேகாது.

அப்பாவின் கண்ணை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம், பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன். வீட்டில் இத்தனை பேரைக் கூப்பிட உனக்குத் தைரியம் வந்ததில் அவருக்குப் பெருமை. நீ ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று எனக்கு வருத்தம்.

கடைசியாக ஒன்று. ஸ்கோன் சுட்ட அன்றே சாப்பிடுகிற பண்டம், மறுநாள் வறண்டுவிடும். ஆனால் வெட்டிய பச்சை மாவை அப்படியே ஃப்ரீசரில் வைக்கலாம். தட்டில் தள்ளித்தள்ளி வைத்து, கல்லாக உறைந்ததும் பையில் போட்டுவிடு. ஒரு மாதம் தாங்கும். உருக வைக்காமலே 200 டிகிரியில், 4 நிமிடம் கூடுதலாக விட்டுச் சுட்டால் போதும். அதனால் நீ எனக்கு எந்த எண்ணிக்கை எழுதினாலும் மூன்றாவது ஈட்டையும் போட்டு ஃப்ரீசரில் வை. அதில் திராட்சை போடாதே, அவளுக்குப் பிடிக்காது.

அன்புடன்,
அம்மா