சென்னையில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தரமணி முதல் சிறுசேரி வரை வேலை பார்க்கும் டெவலப்பர், டெஸ்டர் நண்பர்களுக்கு,

வணக்கம். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். ரிப்போர்ட்டில் பெயர் ‘காமாட்’ என்று இருந்தது, பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அம்மா பெயர் காமாட்சி. கவுன்ட்டரில் இருந்த பெண் பேனாவால் திருத்திக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. பெயரை நறுக்கியது புரோகிராம்.

காமாட்சி நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் துணைக்கால், புள்ளி, ‘சி’யின் இகரக் குறி எல்லாம் தனித்தனிக் குறிகள் என்பதால் எட்டு. அந்தக் குறிகளைக் கணினியில் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 24. பெயருக்கு 20 பைட்தான் இடம் என்று புரோகிராம் இருபதாவது பைட்டில் வெட்டினால் ஆறு குறி முழுதாக நிற்கும், ஏழாவது பாதியில் அறுந்து கேள்விக்குறியாகும். ஆங்கிலத்தில் இதே பெயர் 8 பைட்டில் அடங்கிவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுச் சோதித்தால் இந்தப் பிழை எத்தனை வருஷமானாலும் வெளியே வராது.

ஒரு சொல்லின் நீளம் கேட்டால் புரோகிராம் மொழிக்கு மொழி பதில் மாறும். ‘தமிழ்’ என்று கொடுத்தால் கோ மொழியில் நீளம் சொல்லும் லென் 15 என்கிறது, பைத்தான் 5, ஸ்விஃப்ட் 3. முதலாவது பைட்டை எண்ணுகிறது, அடுத்தது குறியை, கடைசியது நாம் எழுத்து என்று சொல்வதை. பெயரைச் சுருக்க வேண்டுமென்றால் மூன்றாவது கணக்கில் சுருக்குங்கள்.

இதைவிடக் கண்ணில் படாதது ஒன்று உண்டு. ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பெரும்பாலான புரோகிராம் மொழிகளில் அப்படியே ஒப்பிட்டால் இரண்டும் வேறு. அப்புறம் கொளத்தூர் என்று தேடுகிறவருக்கு, கொளத்தூர் முகவரி உள்ளேயே இருந்தும், ‘இல்லை’ என்று பதில் வரும். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் நார்மலைஸ் என்ற செயற்கூறு தயாராகவே இருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் போதும், ஒரு வரி வேலை.

 

வெளிநாட்டில் எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரியும். டெஸ்டர்களே, சோதனைத் தரவில் கௌரி, ஸ்ரீதர், இரண்டு விதமாகச் சேமித்த கொளத்தூர் மூன்றையும் சேருங்கள். அந்தச் சோதனையில் பில்டு (புரோகிராமின் புதிய தொகுப்பு) உடைந்தால் டெவலப்பரிடம் அன்றைக்கே அனுப்புங்கள்.