மை ஃபாதர் ஃபார்மர்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மார்கழிக் காற்று வந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ராத்திரி முழுக்கப் பனை ஓலையை உலுக்குகிறது. உங்க அப்பா ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுப் படுத்துவிடுகிறார், எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை. காற்று பாதிக் காரணம், மீதி நீ.

ஞாயிற்றுக்கிழமை ஓமானிலிருந்து போனில் பேசும்போது, "இந்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே தெரியலம்மா, ஜீரோவில இருந்து ஆரம்பிக்கணும்" என்றாய். நாள் முழுக்க நின்று ஆங்கிலப் பாடம் நடத்திய களைப்பு உன் குரலில் இருந்தது. அதனால் அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த 'ஒண்ணுமே' என்ற சொல்லை என்னால் விட முடியவில்லை. நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். அதனால் ஒரு பையனுக்கு என்ன ஆனது என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை.

1982. எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்து முதல் வருஷம். எம்.ஏ.வில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் படித்துவிட்டு வந்திருந்தேன். ஆங்கிலத் துறையில் அன்றைக்கு ஒரு வழக்கம் இருந்தது, இன்றைக்கும் பல இடங்களில் இருக்கிறது. இலக்கிய வகுப்புகள் மூத்தவர்களுக்கு. பொது ஆங்கிலம், அதாவது எல்லாப் பாடப்பிரிவு மாணவர்களும் உட்கார்ந்திருக்கும் தொண்ணூறு பேர் வகுப்பு, புதிதாக வந்தவருக்கு. 'உன் குடும்பத்தைப் பற்றி எழுது' என்று அந்த வகுப்புக்குக் கட்டுரை கொடுத்தேன். கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் முதல் வரியாக 'மை ஃபாதர் ஃபார்மர்' என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டி, "வினைச்சொல் எங்கே போச்சு?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வருஷம் முழுக்க அவன் எனக்கு ஒரு கட்டுரைகூடத் தரவில்லை. பரீட்சைக்கு வந்தானா என்றுகூட எனக்கு நினைவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

1986இல் ஹைதராபாத்துக்குப் போனேன். அன்றைக்கு அது சீஃபெல், ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்குமான மத்திய நிறுவனம், 2007இல் இஃப்லு பல்கலைக்கழகமாக ஆனதே, அதே இடம்தான். ஆங்கிலம் கற்பித்தலில் பட்டயப் படிப்பு. நீ அப்போது பிறக்கவில்லை. ஒலியியல் ஆய்வகம், நாடாக்கள், நாக்கு எங்கே தொடுகிறது என்று கண்ணாடி பார்த்துப் பழகுவது எல்லாம் இருந்தது. ஆனால் என்னை மாற்றியது ஒரு சின்னப் பயிற்சி. பாடம் எடுத்தவர் எங்களை எல்லாம் 'என் அப்பா விவசாயி' என்பதை அவரவர் தாய்மொழியில் கரும்பலகையில் எழுதச் சொன்னார். இந்திக்காரர் எழுதியதில் கடைசியில் 'ஹை' இருந்தது. தெலுங்குக்காரர் 'மா நான்ன ரைத்து' என்று எழுதினார், அதில் வினைச்சொல் இல்லை. நான் தமிழில் எழுதினேன். அதிலும் இல்லை. மேடையில் பேசும்போது 'ஆவார்' என்று சேர்ப்போம், வீட்டில் யார் சொல்கிறார்கள்? சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்தப் பையன் வினைச்சொல்லை விட்டுவிடவில்லை, அவன் மொழியில் அந்த இடத்தில் வினைச்சொல்லே கிடையாது. அவன் சரியான விதியைத்தான் பின்பற்றியிருக்கிறான், அது ஆங்கிலத்தின் விதியாக இல்லை, அவ்வளவுதான்.

பிட் கார்டர் என்ற மொழியியலாளர் இதை 1967இலேயே எழுதியிருந்தார். கை தவறி, வாய் தவறி வருவது ஒன்று. மாணவனுக்குள் இருக்கும் ஒரு விதியிலிருந்து திரும்பத் திரும்ப வருவது இன்னொன்று. அவன் இதுவரை எதைக் கற்றிருக்கிறான் என்று ஆசிரியருக்குக் காட்டுவது இந்த இரண்டாவதுதான் என்றார். 1972இல் செலிங்கர் அதற்கு ஒரு பெயரே வைத்தார், தாய்மொழிக்கும் புது மொழிக்கும் நடுவில் மாணவன் தானாகக் கட்டிக்கொள்ளும் மொழி, நாம் இடைமொழி என்று சொல்கிறோமே அது. இதெல்லாம் நீ பரீட்சைக்குப் படித்தவைதான். கல்லூரி ஆசிரியருக்கான நெட் தேர்வில் மார்க்கும் வாங்கியிருப்பாய். ஆனால் நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தாளைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வர வேண்டும், கண்ணு. எனக்கு வரவில்லை.

இப்போது நான் சொல்லப்போவது நம் ஊருக்கே உரியது. அதே கரும்பலகையில் திருச்சூரிலிருந்து வந்த ஒரு அம்மா 'என்டெ அச்சன் கர்ஷகன் ஆணு' என்று எழுதினார். இந்தியின் 'ஹை' போல நிற்கும் அந்த 'ஆணு'வை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்! பஸ்ஸில், ரேஷன் கடையில், தாலுகா ஆபீஸில். உங்க அம்முச்சி கொச்சி ராஜ்ஜியத்தில் பிறந்தவர். 1956இல் கேரளம் ஆனபோதும் நம் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவைவிட்டு எங்கும் நகராமல் இருந்தவர். வீட்டில் தமிழ், சந்தையில் கடலைக்காய் விற்கும்போது ஆளுக்கேற்றபடி தமிழும் மலையாளமும், தெலுங்கு பேசும் குடும்பங்களிடம் கொஞ்சம் தெலுங்கும். கையெழுத்துப் போடத் தெரியாதவரை 'ஒண்ணும் தெரியாதவர்' என்றுதான் ஊர் சொன்னது.

அந்தப் பட்டயத்தோடு திரும்பி வந்து அடுத்த வருஷ வகுப்பில் 'ஈஸ்' (is) என்பதைச் சொல்லித்தர நான் ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத் திறக்கவில்லை. "மலையாளத்தில் இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டேன். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக 'கர்ஷகன் ஆணு' என்றார்கள். "அந்த ஆணு இங்கே எங்கே உட்காரும்?" அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். மலையாளத்தில் 'ஞான்' என்றாலும் ஆணு, 'நீ' என்றாலும் ஆணு, 'அவர்' என்றாலும் ஆணு. ஆங்கிலத்தில் அது 'ஆம்' (am), 'ஈஸ்', 'ஆர்' (are) என்று ஆளுக்கேற்ப மாறும். அதற்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. ஆனால் அந்த இடத்தில் ஒரு சொல் வேண்டும் என்பது ஒரே மணி நேரத்தில் பிடிபட்டது. அந்த 1982 பையனுக்கும் மலையாளம் தெரியும். சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. எனக்குத் தெரியாமல் போனதற்கு அவனைப் பார்த்து மற்றவர்களைச் சிரிக்கவிட்டேன்.

உன் வகுப்புக்கு வருகிறேன். உன் பிள்ளைகள் 'மை ஃபாதர் டீச்சர்' என்று எழுதுகிறார்கள் என்று சலித்துக்கொண்டாயே, அவர்கள் பேசும் அரபியிலும் நிகழ்காலத்தில் அந்த இடத்தில் வினைச்சொல் வராது. நம்மைப் போலவேதான். இறந்தகாலத்தில் 'கான' என்ற சொல் வந்துவிடும், நமக்கு 'இருந்தார்' வருகிற மாதிரி. அதனால் 'வாஸ்' (was) அவர்களுக்கு அவ்வளவு விட்டுப்போகாது என்று நினைக்கிறேன், தாள்களை எடுத்துப் பார். அங்கிருந்து தொடங்கி இன்றைக்கு வா. 'தி லைஃப் ஈஸ் டிஃபிகல்ட்' என்று எழுதுவதும் கவனக்குறைவு இல்லை. அரபியில் வாழ்க்கை என்று பொதுவாகச் சொல்லும்போதும் 'அல்' சேர்ப்பார்கள். ஆங்கில 'எ' (a) என்பதற்கு இணையாக அங்கே தனிச்சொல் இல்லை. நம் பிள்ளைகள் 'தி'யை விட்டுவிடுவார்கள், உன் பிள்ளைகள் அதைக் கூடுதலாகப் போடுவார்கள்.

அப்புறம் அந்த ப விஷயம். அவர்கள் பார்க்கிங், பெப்ஸி எல்லாவற்றையும் வேறு மாதிரிச் சொல்கிறார்கள் என்று சிரித்தாய். எப்படிச் சொல்கிறார்கள் என்று இந்தக் கடிதத்தில் என்னால் எழுதிக் காட்டவே முடியாது, பார்த்தாயா? 'பம்பரம்' என்பதில் முதலில் வரும் ப, நடுவில் வரும் ப, அந்த இரண்டு ஒலிக்கும் நம்மிடம் இருப்பது ஒரே ப எழுத்து. அரபியில் நடுவில் வரும் ஒலிதான் இருக்கிறது, முதலில் வருவது கிடையாது. நீ சின்ன வயதில் மலையாள எழுத்தும் படித்ததால் உனக்கு நாலு ப தெரிந்தது, ஆங்கிலத்தில் உனக்கு அது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. தமிழ் எழுத்து மட்டும் படித்த உன் சித்தப்பா மகன் இன்றைக்கும் தடுமாறுகிறான். அவனைப் பார்த்து நீ சிரிப்பாயா?

நீ கேட்டுப் பார்த்தாயா என்று தெரியவில்லை, ஓமானில் வீட்டில் பலூச்சி பேசுகிறவர்கள் உண்டு, கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்ஸிபாரிலிருந்து திரும்பிய குடும்பங்களில் சுவாஹிலி உண்டு, தெற்கே தோஃபார் பக்கம் அரபி அங்கே பரவுவதற்கு முந்தைய பழைய மொழிகள் உண்டு. வீட்டில் பேசும் அரபி வேறு, பள்ளியில் எழுதும் அரபி வேறு. கடைத்தெருவில் இந்தியும் பேசுவார்கள். உன் வகுப்பில் இருக்கும் இருபத்தைந்து பேரிடம் மொத்தம் எத்தனை மொழிகள் இருக்கின்றன என்று ஒரு நாள் பலகையில் எழுது. ஜீரோவிலிருந்து தொடங்குகிறோம் என்று அதற்குப் பிறகு உனக்குச் சொல்லத் தோன்றாது.

நாலு வாரத்தில் புத்தகத்தை முடிக்கச் சொல்கிறார்கள் என்பது உண்மையான கஷ்டம். நானும் பட்டேன். வருடா வருடம் ஒரு புது 'முறை' வரும், பயிலரங்கு நடக்கும், சான்றிதழ் தருவார்கள். எனக்குக் கைகொடுத்தவர் ஆங்கிலம் கற்பித்தலை ஆராய்ந்த என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பக்கம் சில சாதாரணப் பள்ளிகளில் அவரும் அவர் கூட்டாளிகளும் இலக்கணப் பாடம் என்று ஒன்று வைக்காமல் ரயில் கால அட்டவணை, வரைபடம், கணக்கு என்று யோசிக்க வேண்டிய வேலைகளைக் கொடுத்து ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார்கள். பிள்ளையின் மனம் விடையைத் தேடும்போது மொழி கூடவே படிந்துவிடும் என்பது அவர் எண்ணம். எங்கள் வகுப்புக்கு ரயில் அட்டவணை பொருந்தாது. கொழிஞ்சாம்பாறை பஸ் நேரங்களை எழுதிக் கொண்டுபோனேன். கோயம்புத்தூரில் பத்து மணிக்கு இன்டர்வியூ, முதல் பஸ்ஸை விட்டுவிட்டாய், பொள்ளாச்சி வழியாகப் போனால் முடியுமா, பாலக்காடு வழியாகப் போனால் முடியுமா? தொண்ணூறு பேரும் எழுந்து நின்று சண்டை போட்டார்கள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். நான் தமிழைத் தடுக்கவில்லை. முடிவை மட்டும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னேன். பிரபு 1990இல் இன்னொன்றும் எழுதினார். எல்லோருக்கும் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது, ஆசிரியருக்குள் 'இது இப்படித்தான் பலன் தரும்' என்று ஒரு உணர்வு உயிரோடு இருக்கிறதா என்பதே கேள்வி என்று. உன் புத்தகத்தை நீ முடித்துக் கொடு, வேலை வேண்டும். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் உன் பஸ் அட்டவணைக்கு ஒதுக்கு.

உன் பி.எச்டி பற்றிக் கேட்டிருந்தாய். நான் என் மாணவர்களின் விடைத்தாள்களை வைத்துச் செய்தேன். பதவி உயர்வு நேர்காணலில் ஒருவர் அதைப் புரட்டிவிட்டு, "இது ஆராய்ச்சியா, டியூஷன் நோட்ஸா?" என்று கேட்டார். அந்த முறை எனக்குக் கிடைக்கவில்லை, நாலு வருஷம் தள்ளிப்போனது. வீட்டுக்கு வந்து அழுதேன், உனக்கு அப்போது ஏழு வயது, நீ வந்து மடியில் உட்கார்ந்தாய். ஆனாலும் வேறு தலைப்பு எடுத்திருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பின்னால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜாவின் ஆய்வைப் படித்தபோது எனக்குத் துணை கிடைத்த மாதிரி இருந்தது. மாணவர்கள் அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் தமிழில் கிறுக்கியதை, வரைந்த படங்களை எல்லாம் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அந்தக் கிறுக்கல்களை நாங்கள் அபராதம் போட வேண்டிய விஷயமாகத்தான் பார்த்திருந்தோம்.

அதனால் தலைப்பை நூலகத்தில் தேடாதே. உன் மேஜையில் இருக்கும் தாள்களில் தேடு. பிள்ளைகளிடம் அனுமதி கேட்டு, பெயரை நீக்கிவிட்டு, பிரதி எடுத்து வை. அவர்கள் விடும் சொல், கூட்டும் சொல், எழுதும்போது உயிரெழுத்தைத் தவறவிடுவது எல்லாவற்றையும் குறித்து வை. அரபி எழுத்தில் குறில்களை எழுதுவதில்லை, அதையும் சேர்த்துப் பார். பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கட்டுரை போடும் இதழ்களிடம் மட்டும் போகாதே, பதவி உயர்வுக்கு எத்தனை புள்ளி கிடைத்தாலும் வேண்டாம்.

கடலைக்காய் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன், தை மாதம் அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். ஒரு வேலை உனக்கு. நாளைக்கு வகுப்பில் சாக்பீஸை, அங்கே மார்க்கர் என்றால் மார்க்கரை, பின் வரிசையில் பேசாமல் இருக்கும் பிள்ளையிடம் கொடு. 'என் அப்பா விவசாயி' என்பதை அவர்கள் மொழியில் எழுதச் சொல். எப்படி எழுதினார்கள், எப்படி உச்சரித்தார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது எனக்குச் சொல்லு. என் பழைய நோட்டில் தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் கீழே இன்னும் இடம் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா