கார் கொட்டகையில் தொழில்: பதிவுச் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நான் குடியிருக்கும் வரிசையில் ஐந்து வீட்டுக் கார் கொட்டகைகளில் இப்போது கார் நிற்பதில்லை. ஒன்றில் இரண்டு தையல் இயந்திரங்கள் ஓடுகின்றன. ஒன்றில் பூமாலை கட்டுகிறார்கள். ஒன்றில் விடியற்காலையில் நாசி லெமாக் பொட்டலம் மடிக்கிறார்கள். கடைசி வீட்டில் ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறார். எங்கள் வீட்டில் என் மனைவி முறுக்கு சுட்டு விற்கிறார். தோட்டத்தை விட்டு வெளியேறி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வீடு வாங்கியவர்களுக்குக் கடை வாடகை என்பது எட்டாத தொகை என்பதால், கொட்டகைதான் அவர்களுக்கு முதல் கடை. இவர்களுள் பலர் அறியாமல் செய்யும் ஒரு பிழையைப் பற்றியே இக்கடிதம்.

அந்தப் பிழையை நாங்களும் செய்தோம். தீபாவளி ஆர்டர் பெருகிய ஓர் ஆண்டில், தொழிலை முறைப்படி பதிவு செய்துவிடலாம் என்று நினைத்து, ஒரு முகவரிடம் 350 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தோம். அவர் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிந்து, சான்றிதழுக்கு நெகிழி உறை போட்டுக் கொண்டுவந்து, "இதைச் சுவரில் மாட்டுங்கள், இனி உங்களை யாரும் கேட்க முடியாது" என்றார். 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி சொந்தப் பெயரில் தொழில் செய்ய ஆண்டுக்கு 30 வெள்ளியும், தனியாக ஒரு வணிகப் பெயர் வைத்துக்கொள்ள 60 வெள்ளியும்தான் கட்டணம் என்பதையும், வீட்டிலிருந்தே இணையம் வழி அதனைச் செய்துவிடலாம் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தோட்ட அலுவலகத்தில் 28 ஆண்டுகள் கிராணியாகக் கணக்கு எழுதிய எனக்கு இது வெட்கமான சங்கதி.

சான்றிதழைச் சாமிப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினோம். இரண்டு மாதம் கழித்து வந்த ஊராட்சி மன்ற அமலாக்க அதிகாரிகள் அதைப் பார்த்துவிட்டு, இது உரிமம் அன்று என்றார்கள். அவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். அவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. தொழில் யாருடையது என்பதை மட்டுமே எஸ்.எஸ்.எம். பதிவு சொல்கிறது, எந்த இடத்தில், என்ன நிபந்தனையோடு அதைச் செய்யலாம் என்பதை முடிவு செய்வது ஊராட்சி மன்றம் என்று அவர்கள் விளக்கிய பிறகே எங்களுக்கு விஷயம் புரிந்தது. அன்றைக்கு எண்ணெய்ச் சட்டி இருந்த இடத்தையும் சுட்டிக் காட்டினார்கள். பக்கத்து வீட்டுத் துணிக்கொடி அதற்கு இரண்டடி தள்ளித்தான் இருந்தது. 14 கிலோ எரிவாயுத் தோம்பு மதிய வெயிலில் நின்றது. அந்த இடத்தில் மூன்று ஆண்டுகளாக முறுக்கு பிழிந்தும் எங்கள் கண்ணுக்கு அது படவில்லை.

இனி, விதிமுறைக்கு வருகிறேன். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் ஒவ்வொரு மன்றமும் தனக்கென உபவிதிகள் இயற்றிக்கொள்ள இடமளிக்கிறது. ஆகவே ஒரு மாவட்டத்தில் அனுமதிக்கப்படும் வீட்டுத் தொழில் அடுத்த மாவட்டத்தில் அனுமதிக்கப்படாமல் போகலாம். அதே சட்டத்தின் 107ஆம் பிரிவு, கொடுத்த உரிமத்தைக் காரணம் எதுவும் கூறாமலேயே எந்நேரத்திலும் மன்றம் மீட்டுக்கொள்ளலாம் என்கிறது. இதைப் படித்த அன்றிரவு, மனைவி தவணையில் வாங்க நினைத்திருந்த மின்சார முறுக்கு இயந்திரம் வேண்டாம் என்றேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. பெரிய கடைக்காரர் இந்தப் பிரிவைத் தாங்கிக்கொள்வார். கொட்டகையில் தொடங்கியவர் கடன் வாங்கிய இயந்திரத்தோடு தெருவில் நிற்க நேரும். இது போதாதென்று, வீட்டு நிலப்பட்டாவில் 'குடியிருப்புக் கட்டடம்' என்ற நிபந்தனை எழுதியிருக்கும்; கொட்டகைக்குச் சுவர் எழுப்பி அடைக்க வேண்டுமானால் கட்டட அனுமதியும் தனியாக வேண்டும்.

எல்லாத் தொழிலையும் கொட்டகையில் அனுமதிக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. கடைசி வீட்டு இளைஞரின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அவர் வடிக்கும் பழைய இயந்திர எண்ணெய், 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீட்டில் வரும் அட்டவணைக் கழிவு, அதாவது கண்ட இடத்தில் கொட்டக்கூடாத ஆபத்தான கழிவு. அதைத் தோம்பில் சேர்த்து உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டுமே தவிர, பின்புறச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. பற்றவைப்பு வேலையும் அப்படித்தான், குழந்தைகள் தூங்கும் சுவருக்கு அப்பால் நடக்க வேண்டியதன்று. தையல், பூமாலை, பலகாரம் போன்றவற்றை இவற்றோடு ஒரே தட்டில் வைத்து அளப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

உணவுத் தொழிலுக்குள்ள நிபந்தனைகள் நியாயமானவை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை டைபாய்டு தடுப்பூசி, உணவு கையாளுவோர் பயிற்சி ஆகிய இரண்டையும் மனைவி முடித்துவிட்டார். கொதி எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் தழும்பு விழுந்த பிறகு, சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் விபத்துக் காப்புத் திட்டத்திலும் சேர்ந்தார். அதன் ஆகக் குறைந்த சந்தா ஆண்டுக்கு 157 வெள்ளி 20 காசு.

முதல் இல்லாமல் நம் மக்கள் பின்தங்கிவிட்டார்கள் என்று மேடைகளில் பேசுவதை இந்த ஊரில் இருந்துகொண்டு முழுமையாக ஏற்க இயலாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க, பால்மரம் சீவியவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு எடுத்தார்கள். என் தந்தையும் அவர்களுள் ஒருவர். இன்றும் கூட்டு (சீட்டு) போட்டு முதல் திரட்டத் தெரிந்தவர்களே எங்கள் பெண்கள். சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் தெக்குன், அமானா இக்தியார் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. சிறுதொகை கைக்கு வந்த பிறகு, எந்த முகப்பில் எந்தத் தாளைக் கேட்பது என்பதில்தான் அவர்கள் திணறுகிறார்கள். இன்னும் லயத்து வீடுகளிலேயே இருப்பவர்களுக்கோ வீடும் நிலமும் தோட்ட நிர்வாகத்துடையவை; அவர்களைப் பற்றித் தனிக் கடிதமே எழுத வேண்டும்.

வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு, கொட்டகை அளவிலான தொழில்களுக்கு ஒரு மாதிரி உபவிதியை வரைந்து எல்லா மன்றங்களுக்கும் அனுப்பலாம். எத்தனை சதுர அடி, எத்தனை மணி வரை, வெளியாட்கள் எத்தனை பேர், அடுப்புக்கும் அண்டை வீட்டுச் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்பவை அதில் எழுத்தில் இருந்தால், அதற்குள் நடப்பவருக்கு உரிமம் உறுதி என்றாகும். உரிமத்தை மீட்பதற்கு முன் காரணம் காட்டி 30 நாள் அவகாசம் தருவதையும் அதில் சேர்க்கலாம். ஒரே தாளில் அடங்கக்கூடிய இந்த விவரத்தை மலாயிலும் தமிழிலும் அச்சிட்டு உரிமப் பிரிவின் முகப்பில் வைத்துவிட்டால், முகவருக்கு 350 வெள்ளி கொடுக்க யாரும் தேடிப் போகமாட்டார்கள்.

அதுவரை, இதைப் படிக்கும் வாசகர்கள் பெயர்ப்பலகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், நிலப்பட்டாவின் நகலையும் மதிப்பீட்டு வரி ரசீதையும் கொட்டகையின் இரண்டு புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு தங்கள் ஊராட்சி மன்றத்தின் உரிமப் பிரிவுக்குச் சென்று கேட்டு வாருங்கள். நாங்கள் அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றிய பிறகு கொட்டகையில் இப்போது பொட்டலம் கட்டுவது மட்டுமே நடக்கிறது. மனுவோடு வைக்க அந்தப் புகைப்படங்களைத்தான் எடுத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.