மெர்லின் எஞ்சினின் தொடக்கத் தோல்விகள்

ஆசிரியருக்கு,

ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் விமான எஞ்சின் குறையில்லாமலே பிறந்ததுபோல உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அப்படியல்ல. அரசுப் பணமின்றி, நிறுவனம் சொந்தச் செலவில் தொடங்கிய 27 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின் அது. 1933 அக்டோபரில் முதன்முதலாக ஓடியது. உள்ளிழுப்பு வால்வுகளை 45 பாகை சாய்த்த புதுவகை சிலிண்டர் தலை (சிலிண்டரின் மேல்மூடி) எதிர்பார்த்த பலன் தரவில்லை. தலைகளில் விரிசல், குளிர்விப்புத் திரவக் கசிவு, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தண்டில் தேய்மானம் என்று தொல்லைகள். 1936 மார்ச்சில் 'மெர்லின் ஈ' என்ற வடிவம் 100 மணி நேர ராணுவச் சோதனையில் தோற்றது. பிறகு அதே நிறுவனத்தின் பழைய கெஸ்ட்ரெல் எஞ்சினின் தட்டைத் தலைக்கே திரும்பினார்கள். மெச்சத்தக்க முடிவு அது. கட்டுரை அதைச் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரை நீராவியாக்கி வெப்பத்தை அகற்றும் நீராவிக் குளிர்விப்பையும் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக, 197 பாகை செல்சியஸ் கொதிநிலை கொண்ட எத்திலீன் கிளைகால் என்ற குளிர்விப்புத் திரவம் வந்தது. அதனால், திரவத்தின் வெப்பத்தைக் காற்றில் வெளியேற்றும் ரேடியேட்டர் சிறிதானது.

– வாசகர், திருச்சி