பரீட்சை நேரத்துலயும் பிள்ளைங்க சிரிக்கட்டும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்,

பரீட்சை நெருங்க நெருங்க நிறைய வீட்டுல முதல்ல நிறுத்துறது பிள்ளைங்க விளையாட்டைத்தான், அப்புறம் பாட்டு, படம் வரையறது, ஃப்ரெண்ட்ஸ்கூட அரட்டைன்னு ஒவ்வொண்ணா போயிடுது. மார்க் முக்கியம்தான், நானும் அதைத்தான் சொல்றேன், ஆனா இந்த ஒரு விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்லைங்க.

போன வாரம் இன்டர்வல்ல ஆறாம் கிளாஸ் பொண்ணு ஒருத்தி, மத்த பசங்க ஓடிப்பிடிச்சு விளையாடுறத பாத்துக்கிட்டே மடியில புக்க விரிச்சு வச்சு உக்காந்திருந்தா, நீ போகலையாம்மான்னு கேட்டா "விளையாடினா படிச்சது மறந்துடும் மிஸ்"ங்கிறா. நான் அங்க நின்ன வரைக்கும் ஒரு பக்கம்கூட அவ திருப்பல. மனசே கேக்கல எனக்கு.

உண்மையில பதட்டத்துலயே இருக்குற மனசுலதான் படிச்சது நிக்காது, நல்லா தெரிஞ்ச பதில்கூட பரீட்சை ஹால்ல வராது. 5லேருந்து 17 வயசு வரைக்கும் உள்ளவங்க தினம் சராசரியா 60 நிமிஷமாவது ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பரீட்சை மாசத்துக்கு மட்டும் லீவுன்னு அதுல இல்ல. 1989ல வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையோட 31வது பிரிவுல ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளைங்களோட உரிமைன்னே எழுதியிருக்காங்க. அதனால "இந்த சாப்டர முடிச்சாத்தான் வெளிய விடுவேன்"னு கண்டிஷன் போடாதீங்க, டைம்டேபிள் போடும்போதே விளையாட்டுக்கும் ஒரு நேரம் எழுதிடுங்க, தூக்கத்துல கை வைக்காதீங்க.

வேலை டென்ஷன், பணக்கஷ்டம், உடம்பு முடியாதவங்கன்னு உங்க வீட்டுலயும் ஆயிரம் இருக்கும், இந்த நேரத்துல சிரிப்பு ஒரு கேடான்னு தோணலாம். கஷ்டம் தீர்ந்தப்புறம் சந்தோஷமா இருந்துக்கலாம்னு நினைச்சா பிள்ளை அதுக்குள்ள வளந்துடும்ங்க. ராத்திரி சாப்பிடும்போது ஃபோன தள்ளி வச்சுட்டு, மார்க் பத்தி கேக்காம, அன்னைக்கு கிளாஸ்ல நடந்த கூத்த சொல்லச் சொல்லி கேளுங்க, உங்க ஸ்கூல் சேட்டையும் சொல்லுங்க, அது போதும், காசு பணம் வேண்டாம்.

ஸ்கூல்லயும் பி.டி. பீரியட எந்த சப்ஜெக்டுக்கும் தர மாட்டோம், பரீட்சைக்கு முந்தின வாரம்கூட. டீச்சர்ஸ்கிட்ட சொல்லியாச்சு.

பிள்ளை சரியா தூங்கலைன்னாலோ, சாப்பிடலைன்னாலோ, எப்பவும் பிடிச்ச விஷயத்துலகூட மனசு போகலைன்னாலோ பரீட்சை முடியட்டும்னு காத்திருக்க வேண்டாம், உடனே வந்து என்னைப் பாருங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்