படிமுறையா, கட்டமா?

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். காலபோக நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு மூட்டை மொட்டைக்கறுப்பன் நெல்லை விற்காமல் வைத்திருக்கிறேன். வந்தால் உனக்கும் பங்கு உண்டு.

நீ மொழிபெயர்க்கும் கைநூலில், ஒன்றன்பின் ஒன்றாகப் பல நிலைகளில் நடக்கும் வேலைக்கு என்ன சொல் போடலாம் என்று கேட்டிருந்தாய். ‘பல கட்ட’ என்றால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். நேற்று அம்மாவோடு நின்று நெல் அவித்ததில் மனம் மாறிவிட்டது.

ஊறல் போதாவிட்டால் அவிந்த பிறகும் அரிசியின் நடுவில் வெள்ளை நிற்கும். அவிந்ததைச் சுள்ளென்ற வெயிலில் அவசரமாகக் காயவிட்டால் மில்லில் குறுணலாய்ப் போகும். அம்மா அகப்பையால் கிடாரத்திலிருந்து நாலு நெல்லை எடுத்துப் பார்த்தார். உமி வாய்விட்டிருந்தது. “இறக்கு” என்றார். மணிக்கூட்டை அவர் பார்க்கவேயில்லை.

இதைக் கட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தியாவில் 2024 நாடாளுமன்றத் தேர்தல் 7 கட்டங்களாக நடந்தது. தமிழ்நாடு முதற்கட்டத்தில் வாக்களித்தது. கடைசிக் கட்டத்தில் வாக்களித்திருந்தாலும் வாக்கு வாக்குத்தான். படி அப்படியல்ல. கீழ்ப்படியில் கால் ஊன்றாமல் மேலே ஏற ஏலாது. பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் படிமுறை காட்டச் சொன்னார்களே, அந்தச் சொல்தான் இதற்குப் பொருத்தம்.

முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிறவர்களை நினைத்துப் பார். முதலில் ஊராரிடம் விசாரித்து, பதிவுகளைப் பார்த்து, எல்லை குறிக்கிறார்கள். பிறகு நிலத்தை ஆய்ந்து, வெடிகளை எடுத்து, திரும்பவும் சரிபார்த்த பின்தான் காணியைக் கையளிக்கிறார்கள். ஒரு படியைச் செய்யாமல் விட்டால் யாரோ ஒருவருடைய கால் போய்விடும்.

‘படிநிலை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது சாதிப் படிநிலை, பதவிப் படிநிலை என்று மேல் கீழையும் குறிப்பதால் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, கைநூலில் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று பார்: முன்னது பிழைத்தால் பின்னது கெடுமா? கெடும் என்றால் படிமுறை, இல்லையென்றால் கட்டம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடாதே மச்சான்.

வானம் இருட்டுகிறது. நெல் பாயில் கிடக்கிறது. அள்ளப் போகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்