நம்ம சங்கத்தோட ஆண்டறிக்கை – செயலாளர் வாசிச்சது

எல்லாருக்கும் வணக்கம். வளரும் நாடுகளுக்குள்ள நடக்கற இளம் தலைவர் பயிற்சிகளுக்கு நம்ம பசங்களையும் தயார் பண்ணணும்னு போன பொதுக்குழுவுல தீர்மானம் போட்டோம் இல்லையா, இந்த வருஷம் முக்கால்வாசி அதுலயே தான் போச்சு, அதனால அதையே முதல்ல சொல்லிடறேன்.

ஆரம்பத்துல வாரா வாரம் உக்காந்து வரலாறு வாசிச்சோம். 1955ல இந்தோனேசியாவோட பாண்டுங்ல ஆசிய, ஆப்பிரிக்க நாடுங்க கூடின மாநாட்டுல 29 நாடு, 1964ல 77 நாடு சேந்து ஆரம்பிச்ச ஜி-77ங்கற வளரும் நாடுகள் கூட்டணில இப்ப 134 நாடு, 1978ல அர்ஜென்டினாவோட பியூனஸ் அயர்ஸ்ல, வளரும் நாடுகள் ஒண்ணுக்கொண்ணு உதவிக்கறதுக்காக 138 நாடு ஒத்துக்கிட்ட செயல்திட்டம்னு வரிசையா. நமக்கு இருக்கற பிரச்சனைக்கு நம்மள மாதிரியே கஷ்டப்பட்ட இன்னொரு நாடு வழி கண்டுபிடிச்சிருக்கும், அவங்கள போய் கேப்போம்ங்கற எண்ணம் எப்படி வந்துச்சுன்னு அப்ப தான் புரிஞ்சுது. பசங்கள ரொம்ப பிடிச்சு இழுத்தது நைஜீரியா தான். அங்க இளைஞர்களே போராடி 2018ல சட்டத்த மாத்த வச்சு, ஜனாதிபதி தேர்தல்ல நிக்கற வயச 40லேர்ந்து 35க்கும், பிரதிநிதிகள் சபைக்கு 30லேர்ந்து 25க்கும் குறைச்சிருக்காங்க.

அப்புறம் மாதிரி கொள்கை அமர்வு, அதாவது அரசு கொள்கை எழுதறத பசங்க செஞ்சு பழகற கூட்டம். பஸ் போக்குவரத்துக்கு ஒரு வரைவு எழுதி பெருமையா வாசிச்சோம். காது கேக்காத நம்ம உறுப்பினர் ஒருத்தங்க ஒரு துண்டு பேப்பர்ல எழுதி முன்னாடி அனுப்பினாங்க: "ஸ்டாப் பேர மைக்ல சொல்வோம்னு போட்டிருக்கீங்க, நான் எங்க இறங்கறது?" ஹால்ல யாருக்கும் பேச்சே வரல. மாற்றுத்திறனாளிகள் சம்பந்தப்பட்ட முடிவுல அவங்கள கலந்து பேசணும்னு 2006 ஐநா உடன்படிக்கையிலயே இருக்கு, நாங்களும் அத வாசிச்சவங்க தான், இருந்தும் விட்டுட்டோம். அன்னிக்கு ராத்திரி வரைக்கும் இருந்து அவங்களோட சேந்து பூரா வரைவையும் திருப்பி எழுதினோம், பஸ்க்குள்ள ஸ்டாப் பேர காட்டற எழுத்து பலகை வேணும்னு வரைவுல வந்தது அவங்களால தான்.

ஒரு வருத்தமும் பதிவு பண்ணணும். வெளிநாட்டு பயிற்சி ஒண்ணுக்கு தேர்வான நம்ம தம்பி, விசா நேரத்துக்கு வராம போகவே முடியல. இன்னும் ரெண்டு பேர் ஃபார்ம் இங்கிலீஷ்ல மட்டும் இருந்ததால விண்ணப்பமே போடல, ரெண்டு பேரும் களத்துல நல்லா வேல செஞ்சவங்க. இப்படி வடிகட்டினா ஏற்கனவே மேடை கிடைச்சவங்களுக்கே தான் திரும்ப மேடை கிடைக்கும்னு ஏற்பாட்டாளர்களுக்கு கடிதம் எழுதியிருக்கேன், பதில் வரல, திரும்பவும் எழுதுவேன்.

கணக்கு பொருளாளர் தனியா வாசிப்பாங்க. வர்ற செப்டம்பர் 12, தெற்கு-தெற்கு ஒத்துழைப்பு நாள், அதாவது வளரும் நாடுகள் ஒண்ணுக்கொண்ணு உதவிக்கறதுக்கான ஐநா நாள், அன்னிக்கு அடுத்த அமர்வு, சைகை மொழி பெயர்ப்பாளர் ஒருத்தர இப்பவே பேசி வச்சாச்சு.